கலர் மாறுற கண்ணாடி வாங்கலாமா, டீச்சர்?

ஸ்டாஃப் ரூமில் இந்தப் பேச்சை ஆரம்பித்தது நான்தான். அதனால் இப்போது யாருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தாலும் என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள். நான் கண் டாக்டர் இல்லை. தேனியில் ஒரு பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டுக்கு வேதியியல் நடத்துகிறேன், வைகை அணையில் குடியிருக்கிறேன், தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறேன். வெள்ளெழுத்து வந்துவிட்டது. தூரத்துக்கு ஒரு பவர், கிட்டத்துக்கு ஒரு பவர். இந்த முறை லென்ஸ் மாற்றும்போது வெயிலில் கறுத்து நிழலில் வெளுக்கும் அந்த லென்ஸைப் போடலாமா என்று யோசித்தேன். யோசனை நீண்டுகொண்டே போனதால் இந்தப் பதிவும் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

கடையில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏசி ஓடுகிற கடை. கண்ணாடி மேஜை. கடைத் தம்பி சின்ன டார்ச் மாதிரி ஒன்றை எடுத்து, மாதிரி லென்ஸ் மேல் ஊதா வெளிச்சத்தைப் பாய்ச்சுவார். கண்ணெதிரே லென்ஸ் நடுவில் கறுப்பு வட்டம் விழும். "பாத்தீங்களா மேடம், ஒரே கண்ணாடி, ரெண்டு வேலை. கூலிங் கிளாஸ் தனியா வாங்க வேணாம்." யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் அந்த டார்ச் புற ஊதாவை மொத்தமாகக் கொட்டுகிறது, கடையோ குளுகுளுவென்று இருக்கிறது. இந்த லென்ஸ் கறுப்பதற்கு இதைவிட நல்ல சூழ்நிலை கிடையாது. தேனி வெயில் அப்படிப்பட்டதா என்பதுதான் என் சந்தேகம்.

கொஞ்சம் வேதியியல் சொல்லிவிடுகிறேன், பாடமாக இழுக்க மாட்டேன். இன்றைக்குக் கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக் லென்ஸில் (நம் ஊரில் ஃபைபர் என்போம்) நாஃப்தோபைரான் வகை மூலக்கூறுகளைச் சேர்த்திருப்பார்கள். சாதாரணமாக அதற்கு நிறம் இல்லை. புற ஊதாக் கதிர் பட்டால் உள்ளே ஒரு கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பு அறுந்து, வளையம் திறந்து, மூலக்கூறு தட்டையாக விரிகிறது. விரிந்த நிலையில் அது கண்ணுக்குத் தெரிகிற ஒளியையும் விழுங்கும். லென்ஸ் கறுக்கிறது. நிழலுக்கு வந்ததும் திரும்ப மூடிக்கொள்கிறது. மூட வைப்பது பெரும்பாலும் வெப்பம். அதாவது ஒரே நேரத்தில் இரண்டு வேலை நடக்கிறது: புற ஊதா திறந்துகொண்டே இருக்கிறது, சூடு மூடிக்கொண்டே இருக்கிறது. எந்த நிமிஷத்திலும் லென்ஸ் எவ்வளவு கறுப்பு என்பது இந்த இரண்டில் எது வேகம் என்பதைப் பொறுத்தது. வேதிச்சமநிலைப் பாடத்தை வாழ்க்கையில் எங்கே பார்ப்பது என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் காட்டுகிறேன்.

இதிலிருந்து வருகிற விளைவு விளம்பரத்தில் இருக்காது. சூடு கூடினால் லென்ஸ் குறைவாகக் கறுக்கும். குளிர்ந்தால் அதிகம் கறுக்கும், வெளுக்கவும் நேரமாகும்.

நம்ப மாட்டேன் என்றார் எங்கள் கணக்கு சார். அவருடையதே கலர் மாறுகிற கண்ணாடி. +1 பசங்களோடு அதை வைத்தே செய்து பார்த்தோம். ஒரு லென்ஸின் மேல் ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி நன்றாகக் குளிரவைத்து, இன்னொன்றை அப்படியே விட்டு, துணியை எடுத்துவிட்டு மைதானத்தில் காட்டினோம். குளிர்ந்த பக்கம் கறுப்பு, மற்றது சாம்பல். சார் அதை மாட்டிக்கொண்டு ஹெட்மாஸ்டர் ரூம் வரை போய் வந்தார். பசங்கள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு சமநிலைப் பாடத்துக்கு எப்போதும் கிடைக்காது.

இந்த லென்ஸ்களை அளப்பதற்கென்று ஒரு சர்வதேசத் தர விதி இருக்கிறது. அதன்படி எவ்வளவு கறுக்கிறது என்று சொல்லும் அடிப்படை அளவை 23 டிகிரியில் எடுக்கிறார்கள். சூட்டில் எப்படி, குளிரில் எப்படி என்று பார்க்க 35 டிகிரியிலும் 5 டிகிரியிலும் தனியாக அளக்கிறார்கள். அட்டையில் பெரிதாக அச்சாகிற எண் எதுவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வைகை அணையில் நண்பகலில் 23 டிகிரி எந்த மாதத்தில் வரும்? மார்கழியில்கூட வராது. கோடையில், வீரபாண்டித் திருவிழா சமயத்தில் ரோட்டில் நிற்கிறவர் மூக்கின் மேல் இருக்கிற லென்ஸுக்கு 35-உம் பத்தாது. காற்றின் சூடு போக முகத்தின் சூடு வேறு இருக்கிறது.

அதனால் கடைத் தம்பியிடம், "இதை வெளியே கொண்டுபோய்ப் பாக்கலாமா தம்பி?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார், ஆனால் கூடவே வந்தார். நல்ல பையன். நேரு சிலைப் பக்கம், மதுரை ரோட்டு வெயில், பகல் ஒரு மணி. இரண்டு பேரும் லென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஆட்டோக்கார அண்ணன் ஒருவர், "என்ன டீச்சர், கிரகணமா?" என்றார். லென்ஸ் கறுக்காமல் இல்லை. முதல் அரை நிமிஷத்திலேயே நிறம் ஏறியது. ஆனால் டார்ச்சில் பார்த்த கறுப்பு வரவில்லை. தண்ணியாகப் போட்ட கருப்பட்டிக் காப்பி நிறத்தில் வந்து நின்றுவிட்டது. கண்ணுக்கு இதம் என்று சொல்லலாம். கூலிங் கிளாஸ் என்று சொல்ல முடியாது.

இதே லென்ஸை ஆனி, ஆடியில் பாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் சாரல் காலம். காற்று தூக்கி அடிக்கும், மேகம் வருவதும் போவதுமாக இருக்கும், உடம்புக்குக் குளிர்ச்சி. வெளிச்சம் அப்படி ஒன்றும் கூசாது. ஆனால் மெல்லிய மேகத்தின் வழியாகப் புற ஊதா தாராளமாக இறங்கும். சூடும் குறைவு. லென்ஸ் நன்றாகவே கறுக்கும், நமக்குத் தேவையில்லாத நேரத்தில். கணக்கு சார் குடும்பத்தோடு குமுளிக்குப் போனபோது லோயர் கேம்ப் தாண்டி மலை ஏற ஏறக் கண்ணாடி கறுத்துக்கொண்டே போனதாம். மேலே டீக்கடைக்குள் உட்கார்ந்த பிறகும் வெளுக்கவில்லை. கிளாஸில் டீ எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் ஊதிக் குடித்தேன் என்றார். சார் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார், ஆனாலும் விஷயம் உண்மை. மேகமலைக்கும் கொடைக்கானலுக்கும் மிகப் பொருத்தமான லென்ஸ் ஆண்டிபட்டி கணவாயில் பாதிதான் வேலை செய்யும்.

இந்த இடத்தில் அப்பாவின் கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். 1959-ல் திறந்தது வைகை அணை. 71 அடி கொள்ளளவு. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. இந்த எண்கள் எங்கள் வீட்டில் வாய்ப்பாடு போல. எண்பதுகளில் அவர் போட்டிருந்தது 'போட்டோகிரே'. ஃபைபர் இல்லை, அசல் கண்ணாடி. மூக்கில் பள்ளம் விழுகிற கனம். அப்பாவுக்கு மைனஸ் பவர் அதிகம், அதனால் வெயிலில் லென்ஸின் ஓரம் நல்ல கறுப்பாகவும் நடு கொஞ்சம் வெளிறியும் இருக்கும். காரணம், அந்தக் கண்ணாடியில் கறுக்கிற பொருள் மேல்பூச்சாக இல்லாமல் கண்ணாடி முழுக்கக் கலந்திருந்தது. தடிமன் எங்கே அதிகமோ அங்கே கறுப்பும் அதிகம்.

அந்தப் பொருள் வெள்ளி உப்பு. இந்தக் கண்ணாடி அமெரிக்காவில் கார்னிங் நிறுவனத்தில் வில்லியம் ஆர்மிஸ்டெட், டொனால்ட் ஸ்டூக்கி என்ற இருவர் 1960களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது. 1965-ல் காப்புரிமை கிடைத்தது. போட்டோ பிலிமிலும் வெள்ளி உப்புதான். ஒளி பட்டால் வெள்ளி அணுவாகப் பிரிந்து கறுக்கும், அந்தக் கறுப்பு அப்படியே நிலைக்கும். கண்ணாடிக்குள் சிக்கின உப்புத்துகளில் பிரிந்த குளோரின் வெளியே தப்பிக்க வழியில்லை. நிழல் வந்ததும் பழையபடி சேர்ந்துகொள்கிறது. இதில் அலுப்பே வராது. அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன, அவர் கண்ணாடியை முற்றத்தில் வைத்தால் இன்றைக்கும் கறுக்கிறது. இன்றைய பிளாஸ்டிக் லென்ஸ் மூலக்கூறுகள் அப்படி இல்லை. வெயில் பட்டுப் பட்டுச் சோர்ந்துபோகும். இரண்டு மூன்று வருஷத்தில் கறுப்பு குறையும், வெளுத்த நிலையிலும் லேசான மஞ்சள் தங்கும். 1991-ல் டிரான்சிஷன்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்டிக் லென்ஸ் சந்தைக்கு வந்த பிறகு கனமான கண்ணாடியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே விழுந்தால் உடையாது, மூக்கு வலிக்காது. நியாயம்தான்.

(ஸ்டூக்கியைப் பற்றி இன்னொன்று. 1950களில் ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரியில் சூடாக்க வைத்திருக்கிறார். உலை கோளாறாகி 900-க்குப் போய்விட்டது. வெளியே எடுக்கும்போது கை தவறிக் கீழே விழுந்தது, உடையவில்லை. அடுப்பில் வைக்கிற கார்னிங்வேர் பாத்திரம் அதிலிருந்து வந்தது. லேபில் எதையாவது போட்டு உடைக்கிற பசங்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதில்லை.)

சரி, வண்டிக்கு வருவோம். என்னைப் போல வண்டி ஓட்டுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஹெல்மெட். ஹெல்மெட்டின் முன் கண்ணாடி பாலிகார்பனேட். அது புற ஊதாவைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். வைசரை இறக்கிவிட்டு ஓட்டினால் உள்ளே இருக்கிற லென்ஸுக்கு வெயில் அடிப்பதே தெரியாது. ஆடி மாதக் காற்றில் எங்கள் பக்கம் வைசரைத் திறந்து வைத்து ஓட்ட முடியுமா? மண்ணும் பூச்சியும் நேராகக் கண்ணுக்குள் வரும். காரிலும் இதே கதைதான். முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது. அந்தத் தாள் புற ஊதாவை வடிகட்டும். காருக்குள்ளும் கொஞ்சம் கறுக்கிற மாதிரி, கண்ணுக்குத் தெரிகிற ஒளிக்கும் அசைந்து கொடுக்கிற ரகங்கள் வந்திருக்கின்றன, விலையும் அதற்குத் தகுந்த மாதிரி. ஷட்டரைத் தூக்கிவிட்ட டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மட்டும் லென்ஸ் தன் வேலையைச் சரியாகச் செய்யும்.

அடுத்தது திசை. இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, ஆனால் எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. வைகை அணைக்கு மேற்கே தேனி. காலையில் நான் மேற்கே போகிறேன், சூரியன் முதுகில். சாயங்காலம் கிழக்கே திரும்புகிறேன், அப்போதும் சூரியன் முதுகில். தேனியில் குடியிருந்து ஆண்டிபட்டியில் வேலை பார்க்கிற என் தம்பிக்கு நேர்மாறு. போகும்போதும் முகத்தில் வெயில், வரும்போதும் முகத்தில் வெயில். அவனுக்குக் கலர் மாறுகிற கண்ணாடி உதவும் என்றுதானே தோன்றும்? உதவாது. காலை ஏழரை, மாலை ஐந்தரை வெயில் கண்ணை எவ்வளவு குத்தினாலும் அதில் புற ஊதா குறைவு. சூரியன் தாழ்ந்து இருக்கும்போது ஒளி காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் கடந்து வருகிறது. வரும் வழியிலேயே புற ஊதா வடிந்துவிடும். கூசுகிற நேரத்தில் லென்ஸ் லேசாகத்தான் கறுக்கும். அவனுக்கு நான் சொன்னது, பவர் போட்ட நல்ல கூலிங் கிளாஸ் ஒன்றைத் தனியாகச் செய்துகொள் என்று. "ரெண்டு கண்ணாடிய யாரு தூக்கிட்டு அலையறது அக்கா?" என்கிறான். வண்டிப் பெட்டியில் ரெயின் கோட், டிபன் பாக்ஸ், பவர் பேங்க் எல்லாம் தூக்கிக்கொண்டு அலைகிறவன்.

எனக்கு முதுகு வெயிலிலும் ஒரு தொல்லை உண்டு. பின்னாலிருந்து வருகிற வெளிச்சம் லென்ஸின் உள்பக்கத்தில் பட்டுக் கண்ணுக்குள் திரும்பும். என் கண்ணையே நான் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருக்கும். அதற்கு வேண்டியது கறுப்பு இல்லை, ஏ.ஆர். கோட்டிங். பிரதிபலிப்பைக் குறைக்கிற அந்தப் பூச்சு லென்ஸின் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ராத்திரி எதிரே வருகிற லாரியின் ஹெட்லைட்டுக்கும் அது ஓரளவு கைகொடுக்கும். கலர் மாறுகிற லென்ஸுக்கு ராத்திரியில் ஒரு வேலையும் இல்லை.

அணைத் தண்ணீரின் கூச்சம் தனி ரகம். அப்பா அடிக்கடி சொல்வார், போட்டோகிரே போட்டாலும் தண்ணியைப் பார்த்தால் கண் கூசத்தான் செய்கிறது என்று. பரிசலில் போய் வலை போடுகிறவர்கள் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் தெறிக்கிற ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்கிற ஒளி. அதை வெட்டுவதற்கு போலராய்டு லென்ஸ் வேண்டும். போலராய்டு போட்டால் கரையோரத் தண்ணீருக்குள் கல்லும் ஜிலேபி மீனும் தெரியும். கலர் மாறுகிற லென்ஸ் எல்லா ஒளியையும் சமமாகக் குறைக்குமே தவிர அந்தப் பளபளப்பைத் தனியாகப் பிடிக்காது. இரண்டும் சேர்ந்த லென்ஸும் இருக்கிறது. விலையைக் கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போனேன்.

இதெல்லாம் இயற்பியல், வேதியியல். ஊர் இயல் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் தொகுதி ஆண்டிபட்டி. 1984 தேர்தலில் எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தபடியே, பிரசாரத்துக்கு ஒரு நாளும் வராமல் ஜெயித்த தொகுதி. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் என்றால் எங்கள் பெரியவர்களுக்கு இன்றைக்கும் ஒரே முகம்தான். அவரைத் தவிர வேறு யார் கறுப்புக் கண்ணாடி போட்டாலும் இரண்டில் ஒன்று: மைனர், இல்லை கண் ஆபரேஷன் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர். ஒரு பெண், அதுவும் டீச்சர், கறுப்புக் கண்ணாடியோடு ஒரு துக்க வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? வெளியே வெயிலில் நடந்து வந்திருப்பேன். உள்ளே கால் வைக்கும்போது லென்ஸ் கறுப்பு. கறுக்க ஒரு நிமிஷம் போதும், முழுசாக வெளுக்க அதைப் போல பல மடங்கு நேரம் ஆகும். சாதாரணக் கூலிங் கிளாஸ் என்றால் கழற்றிப் பைக்குள் போட்டுவிடலாம். இதைக் கழற்றினால் எதிரே அழுகிறவர் யார் என்று தெரியாது. கணக்கு சார் இந்த அனுபவம் பட்டவர். "எழவு வீட்டுக்குக் கூலிங் கிளாஸ் போட்டு வந்திருக்கான் பாரு" என்று ஒரு பெரியம்மா காதுபடவே சொன்னாராம்.

வகுப்பறையிலும் இந்தத் தொல்லை இருக்கிறது. காலைப் பிரேயரில் வெயிலில் நின்றுவிட்டு நேராக முதல் பீரியட் போகிறேன். பின் பெஞ்சுப் பையனுக்கு நான் தன்னைப் பார்க்கிறேனா, பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கிறேனா என்று தெரியாமல் போவது எனக்குச் சாதகம்தான். ஆனால் ஒரு பிள்ளை எழுந்து பதில் சொல்லத் தடுமாறும்போது டீச்சர் கண் அதற்குத் தெரிய வேண்டும். சரி, சொல்லு என்பதைக் கண்ணால்தான் சொல்ல முடியும். கல்யாண வீட்டு குரூப் போட்டோவில் கறுப்புக் கண்ணாடியோடு நிற்பதையெல்லாம் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

கண்ணுக்குப் பாதுகாப்பு என்கிறார்களே என்று கேட்பீர்கள். புற ஊதாவைத் தடுப்பதும் கறுப்பும் வேறு வேறு. நல்ல கலர் மாறுகிற லென்ஸ் வெளுத்திருக்கும்போதும் புற ஊதாவைத் தடுக்கும். ஆனால் பாலிகார்பனேட் லென்ஸும், புற ஊதாத் தடுப்பு சேர்த்த சாதா லென்ஸும் நிறமே இல்லாமல் அதே வேலையைச் செய்யும். பாதுகாப்புக்காக மட்டும் கறுப்பு வாங்க வேண்டியதில்லை. எங்கள் பக்கம் காட்டு வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணில் சதை வளர்கிறது, வெயில், காற்று, தூசி மூன்றும் சேர்ந்து. அவர்களுக்கு லென்ஸின் நிறத்தைவிடப் பக்கவாட்டை மூடுகிற அகலமான ஃபிரேமும் தலையில் ஒரு தொப்பியும் முக்கியம். மேலிருந்தும் ஓரத்திலிருந்தும் வருகிற வெளிச்சத்தை எந்த லென்ஸும் தடுக்காது. அணைப் பூங்கா வாசலில் தொங்குகிற கூலிங் கிளாஸில் எது புற ஊதாவைத் தடுக்கும், எது வெறும் சாயம் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

கண் பரிசோதனைக்கு நான் தேனி அரவிந்த் கண் மருத்துவமனைக்குத்தான் போவேன். 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்தது, 1985-லேயே தேனிக்கு வந்துவிட்டது. எங்கள் ஊர்களில் கேம்ப்பில் கண்ணைப் பார்த்து, அங்கேயே கண்ணாடியும் போட்டுக்கொண்டு வீடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அங்கே பவர் பார்த்த பெண் கலர் மாறுகிற லென்ஸ் பற்றி வேண்டும், வேண்டாம் என்று எதுவும் சொல்லவில்லை. "வெயில்ல எவ்வளவு நேரம் இருப்பீங்க டீச்சர்? வெளிய போயிட்டு உள்ள வர்றது அடிக்கடியா, இல்ல ஒரேடியாவா?" என்று மட்டும் கேட்டது. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

என் நாளைப் பிரித்துப் பார்த்தேன். வண்டியில் வைசருக்குள். பள்ளியில் கூரைக்குள். வெயிலில் இருப்பது பிரேயர், மதியம் மைதானத்தைக் கடப்பது, ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போவது. இந்தக் கொஞ்ச நேரத்துக்காக ஒவ்வொரு கண்ணாடியிலும் கூடுதல் விலை கொடுக்க வேண்டும். ஒரு லென்ஸில் கீறல் விழுந்தால் அதை மட்டும் மாற்ற முடியாது, பழையதும் புதியதும் ஒரே மாதிரி கறுக்காது, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். கிட்டத்துப் பவர் இந்த வயதில் ஏறிக்கொண்டே வேறு போகிறது.

அதனால் எனக்குச் சாதா நிறமற்ற லென்ஸ், இரண்டு பக்கமும் ஏ.ஆர். கோட்டிங். அதோடு ஒன்று செய்தேன், இது பலருக்கும் உதவும் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். நாற்பதுகளில் பலருக்கும் மாறுவது கிட்டத்துப் பவர்தான், தூரத்துப் பவர் அப்படியே இருக்கும். எனக்கும் அப்படித்தான். பழைய கண்ணாடியில் தூரத்துப் பவர் சரியாக இருந்தது. சாதா ஃபைபர் லென்ஸைச் சூடான சாயத் தொட்டியில் முக்கி எடுத்தால் நிறம் பிடிக்கும். கடையில் டின்ட் என்றால் தெரியும். கோட்டிங் ஏற்கெனவே போட்ட லென்ஸில் சாயம் சரியாக ஏறாது, என் பழைய லென்ஸில் கோட்டிங் இல்லை. சாம்பல் நிறம் ஏற்றி வாங்கினேன், செலவு கொஞ்சம்தான். பவர் உள்ள கூலிங் கிளாஸ் தயார். புற ஊதாவைத் தடுக்கிறதா என்று கடையில் இருக்கிற மீட்டரில் வைத்துப் பார்க்கச் சொன்னேன், பார்த்தார்கள். ராத்திரி மட்டும் அதைப் போட்டு வண்டி ஓட்டக் கூடாது.

சாம்பலா பிரவுனா என்பதற்கும் ஒரு வார்த்தை. சாம்பல் நிறங்களை மாற்றாது, எல்லாவற்றையும் சேர்த்து மங்கலாக்கும். பிரவுன் கொஞ்சம் துலக்கமாகக் காட்டும், ஆனால் நிறத்தைப் புரட்டும். போடியில் ஏலக்காயைப் பச்சை பார்த்துத் தரம் பிரிக்கிறவர்கள், கம்பத்தில் பந்தலுக்குக் கீழே நின்று திராட்சைக் குலை பழுத்ததா என்று பார்க்கிறவர்கள், சக்கம்பட்டியில் நூல் சாயம் பார்த்து எடுக்கிறவர்கள் எல்லாம் வேலை நேரத்தில் நிறமற்ற லென்ஸே போட்டுக்கொள்வது நல்லது. திராட்சைப் பந்தலில் வெயிலும் நிழலும் திட்டுத் திட்டாக விழும். கலர் மாறுகிற லென்ஸுக்கு அங்கே எந்தப் பக்கம் போவதென்றே தெரியாது.

அப்படியென்றால் யாருக்குத்தான் வாங்கலாம்? எங்கள் வீட்டில் அத்தைக்கு வாங்கினேன். அத்தைக்குக் காட்ராக்ட் ஆபரேஷன் முடிந்து சில வருஷம் ஆகிறது, அதற்குப் பிறகு வெளிச்சம் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வண்டி ஓட்டுவதில்லை, ஹெல்மெட் இல்லை, கார் இல்லை. காலையில் திண்ணை, பிறகு ஆட்டுக்குத் தழை ஒடிக்கக் கரைப் பக்கம், மதியம் அடுப்படி, திரும்பத் திண்ணை. நாள் முழுக்க வெளியே போவதும் உள்ளே வருவதும்தான். இரண்டு கண்ணாடியைக் கையில் கொடுத்தால் ஒன்றைத் தொலைத்துவிட்டு இன்னொன்றைத் தேடுவார். பாதிக் கறுப்பு அவருக்குப் போதும். பவரும் ஆபரேஷனுக்குப் பிறகு நிலையாக நின்றுவிட்டது, லென்ஸ் சோர்ந்துபோகிற வரை மாற்ற வேண்டிய அவசியம் வராது. பெரிய பிராண்டு எடுக்கவில்லை, உள்ளூரில் கிடைக்கிற நடுத்தர ரகம். தெருவில் நிறுத்தி வெயிலில் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.

போட்டுக்கொண்டு கரையிலிருந்து திரும்பி வந்தவரை எதிர்வீட்டுப் பெரியம்மா வழிமறித்திருக்கிறார். "என்ன மதினி, திரும்பவும் கண்ணு ஆபரேசனா?"

"கண்ணுக்கு ஒண்ணுமில்ல. கண்ணாடிக்குத்தான் வெயில் ஒத்துக்கல" என்றாராம் அத்தை.